குத்தா, மெலடியா? கொல்லிமலைப் பயணத்தில் இரண்டையும் சேர்க்கும் டெக்னோ!

காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பும்போதே அந்தச் சண்டை ஆரம்பித்துவிடும். பின் சீட்டில் இருக்கும் பசங்களுக்குக் குத்துப் பாட்டு வேண்டும். முன் சீட்டில் இருக்கும் அப்பாவுக்கோ, "மலைக் காத்துக்கு ஏத்த மாதிரி ஒரு மெலடி போடுப்பா" என்று கெஞ்சல். கொல்லிமலைக்கு 70 வளைவுகள். செம்மேடு போய்ச் சேரும்வரை பாட்டை மாற்றி மாற்றிப் போட்டே பாதி வழி கழிந்துவிடும். உங்கள் வண்டியிலும் இது நடந்திருக்கும்தானே?

இந்தச் சண்டைக்கு ஒரு சமரசம் இருக்கிறது. அதன் பெயர் டெக்னோ. "ஐயையோ, அந்த டொம் டொம் சத்தமா?" என்று நீங்கள் முகம் சுளிப்பது புரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். அந்த டொம் டொம்முக்கு மேல் மோகனத்தையும் இந்தோளத்தையும் கல்யாணியையும் வைத்து, 1982-லேயே ஒரு முழு இசைத்தட்டு செய்த மனிதர் நம் நாட்டில் இருந்தார். அவர் பெயர் சரண்ஜித் சிங். அவரைப் பற்றித் தெரிந்துகொண்டால், அடுத்த முறை மலை ஏறும்போது நீங்களே அந்தத் தட்டைப் போடச் சொல்வீர்கள்.

டெக்னோ... அப்படின்னா?

அமெரிக்காவின் டெட்ராய்ட், கார் தொழிற்சாலைகளுக்குப் பெயர்போன நகரம். அதன் அருகே பெல்வில் என்ற ஊரில் ஒரே பள்ளியில் படித்த ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள், 1980-களில் மலிவான எலெக்ட்ரானிக் கருவிகளை வைத்துச் செய்த நடன இசைதான் டெக்னோ. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவின் இயந்திர இசையும், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ஃபங்க் இசையும் அவர்களின் காதில் ஒன்றாக விழுந்தன. இரண்டும் கலந்து புதிதாக ஒன்று பிறந்தது. 1988-ல் லண்டனில் வெளியான ஒரு தொகுப்புத் தட்டு 'டெக்னோ' என்ற பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

இதன் முதுகெலும்பு 'கிக்'. பெரிய டிரம்மைக் காலால் மிதித்தால் வருமே, அந்த அடி. ஒவ்வொரு தாள எண்ணிக்கைக்கும் தவறாமல் ஒரு கிக். ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதை பிபிஎம் என்பார்கள். மெலடி கலந்த டெக்னோ பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 126 அடியில் நடக்கும். அதாவது ஒரு விநாடிக்கு இரண்டு அடி. 'ஹார்ட் டெக்னோ' எனப்படும் முரட்டு வகை 145-ஐத் தாண்டி ஓடும்.

டெக்னோவில் 'புரொட்யூசர்' என்றால் பணம் போடும் தயாரிப்பாளர் இல்லை. இசையமைப்பாளர், வாத்தியக்காரர், ஒலிப்பதிவாளர் எல்லாம் அவர் ஒருவரே. ஒரே அறையில், சில கருவிகளோடு அல்லது ஒரு லேப்டாப்போடு, முழு இசையையும் அவரே கட்டுகிறார்.

டெக்னோவில் மெலடியே இருக்காது என்பதும் தப்பான எண்ணம். டெரிக் மே 1987-ல் வெளியிட்ட 'ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்' இந்த வகையின் ஆதாரக் கல். அதில் வேகமான அடிக்கு மேல் பியானோவும் வயலின் கூட்டம் போன்ற ஒலியும் பொங்கி வரும். தனியாக ஒரு பேஸ் இசையே அதில் கிடையாது. ஆக, ஆரம்ப நாள்களிலேயே டெக்னோவில் முரடும் மென்மையும் கைகோத்துத்தான் வந்திருக்கின்றன. இன்று 2016-ல் தொடங்கிய 'ஆஃப்டர்லைஃப்' போன்ற லேபிள்கள் இதையே 'மெலடிக் டெக்னோ' என்று மைதானங்களை நிரப்பும் நிகழ்ச்சிகளாக மாற்றிவிட்டன.

சிங்கப்பூரிலிருந்து வந்த மூன்று பெட்டிகள்

இப்போது மும்பைக்கு வாருங்கள். 1940-ல் பிறந்த சரண்ஜித் சிங், இந்தித் திரையுலகின் ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்த வாத்தியக் கலைஞர். கிட்டார், பேஸ் கிட்டார், கீபோர்டு எல்லாம் கைவந்தவர். ஆர்.டி.பர்மன் உள்ளிட்ட பெரிய இசையமைப்பாளர்களுக்கு வாசித்தவர். படம் இல்லாத நாள்களில் மனைவியோடு சேர்ந்து கல்யாணக் கச்சேரிகளிலும் வாசித்தார். நம் ஊர் மெல்லிசைக் குழுக்களில் இப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருப்போம். பாட்டு ஹிட் ஆகும். தட்டின் உறையில் அவர்கள் பெயர் இருக்காது.

புதுக் கருவி என்றால் அவருக்கு உயிர். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் அடுத்தடுத்து மூன்று கருவிகளை விற்பனைக்கு விட்டது. தாளத்துக்கு டிஆர்-808, பேஸுக்கு டிபி-303, மற்ற ஒலிகளுக்கு ஜூபிட்டர்-8. வந்த சூட்டோடு சிங்கப்பூரில் அவற்றை வாங்கி வந்தார் சிங்.

இதில் டிபி-303-ன் கதை சுவாரஸ்யமானது. தனியாகக் கிட்டார் வாசித்துப் பயிற்சி எடுப்பவருக்குப் பின்னணியில் பேஸ் வாசிக்க ஆள் வேண்டுமே, அதற்காகத்தான் இந்தச் சின்னப் பெட்டியைச் செய்தார்கள். ஆனால், அது பேஸ் கிட்டார் மாதிரி ஒலிக்கவே இல்லை. 'குளுக் குளுக்'கென்று ரப்பரை இழுத்து விட்டது போன்ற ஒரு சத்தம். வாங்க ஆளில்லாமல் 1984-ல் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடைகளுக்கு வந்த அந்தப் பெட்டிகளில் ஒன்றை சிகாகோ இளைஞர்கள் சிலர் வாங்கி, குமிழ்களை இஷ்டத்துக்குத் திருகிப் பார்த்தார்கள். 1987-ல் 'ஃப்யூச்சர்' என்ற அவர்களின் குழு வெளியிட்ட 'ஆசிட் டிராக்ஸ்' தட்டிலிருந்து 'ஆசிட் ஹவுஸ்' என்ற நடன இசை வகையே கிளம்பியது. டெக்னோவின் நெருங்கிய உறவு அது.

சிகாகோவில் இது நடப்பதற்கு 5 ஆண்டுகள் முன்பே, அதே பெட்டியை வைத்து சிங் ராகம் வாசித்திருந்தார்!

பத்து ராகம், ஒரே அடி

அப்போது இந்தியா முழுக்க டிஸ்கோ காய்ச்சல். 1980-ல் 'குர்பானி', 1981-ல் நாஜியா ஹசனின் 'டிஸ்கோ தீவானே', 1982-ல் 'டிஸ்கோ டான்ஸர்'. எல்லோரும் டிஸ்கோவில் சினிமாப் பாட்டு போட்டால், நாம் ராகம் போட்டால் என்ன என்று யோசித்தார் சிங். 1982-ல் பதிவு செய்த தட்டை எச்.எம்.வி. மறு ஆண்டு வெளியிட்டது. பெயர்: 'சிந்தசைஸிங் - டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. பாடகர் இல்லை, பாடல் வரி இல்லை, தபலா இல்லை. பத்து ராகங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 நிமிடம்.

இந்துஸ்தானிப் பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். அதில் வரும் பூபாலி நம் மோகனம். மால்கௌன்ஸ் நம் இந்தோளம். யமன் என்பது கல்யாணிக்கு அக்கா-தங்கை உறவு. கலாவதி நம் வலஜி, பைராகி நம் ரேவதி. சினிமாப் பாட்டு கேட்டே வளர்ந்த காதுக்கும் இவையெல்லாம் நன்றாகப் பழகிய ராகங்கள்தான்.

கேட்டுப் பாருங்கள். டிஆர்-808 பிசகாமல் அடித்துக்கொண்டே இருக்கும். அதன் தாளத்தைப் பிடித்துக்கொண்டு டிபி-303 கீழே ராகத்தின் சுரங்களைச் சுழற்றும். மேலே ஜூபிட்டர்-8-ல் சிங்கின் விரல்கள் ஆலாபனைபோல ஆரம்பித்து, சீக்கிரமே விறுவிறுப்பாகும். அடி இயந்திரத்துடையது, ராகம் விரல்களுடையது.

ஏன் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது?

இது தற்செயல் இல்லை. நம் ராக இசைக்கும் டெக்னோவுக்கும் அடிப்படையில் மூன்று ஒற்றுமைகள் இருக்கின்றன.

முதலாவது, சுருதி. மேற்கத்திய பாப் இசையில் பாட்டுக்குக் கீழே ஸ்வரக் கூட்டுகள், அதாவது 'கார்டு'கள், மாறிக்கொண்டே இருக்கும். நம் கச்சேரியில் தம்பூரா ஒரே ஆதார சுருதியை விடாமல் மீட்டிக்கொண்டிருக்கும். டெக்னோவும் அப்படித்தான். பல நிமிடங்களுக்கு ஒரே 'ச'-வின் மேல் நிற்கும். தரை அசையாமல் இருப்பதால், ராகம் அதன்மேல் தாராளமாக நடக்கலாம்.

இரண்டாவது, ஆவர்த்தனம். டிஆர்-808-ல் வரிசையாக 16 பட்டன்கள். எந்தப் பட்டனில் அடி விழ வேண்டும் என்று அழுத்தி வைத்தால், அது சுற்றிச் சுற்றி அதையே வாசிக்கும். நான்கு எண்ணிக்கை, ஒவ்வொன்றிலும் நான்கு உட்பிரிவு. 'தக திமி, தக திமி' என்று சொல்லிக்கொண்டே கேளுங்கள். நம் சதுஸ்ர நடைதான். இரண்டு சுற்று சேர்ந்தால் 8 எண்ணிக்கை. ஆதி தாளம் முடிந்துவிடும்.

மூன்றாவது, வழுக்கல். டிபி-303-ல் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வெட்டித் தாவாமல் வழுக்கிப் போகும் வசதி உண்டு. நம் வீணைக்காரர்கள் தந்தியில் விரலை இழுத்துக்கொண்டு போவார்களே, ஜாரு என்று, அதன் தூரத்துச் சொந்தம். முழுக் கமகமும் இதில் வந்துவிடாது. ஆனால், பியானோவை விட இந்தப் பெட்டி ராகத்துக்கு நெருக்கமானது.

28 ஆண்டு மௌனம்

சரி, அப்போது இந்தியா இவரைக் கொண்டாடியிருக்க வேண்டுமே? இல்லை. தட்டு பெரிதாக விற்கவில்லை. ராக ரசிகருக்கு இது டிஸ்கோ, டிஸ்கோ ரசிகருக்கு இது ராகம். இரண்டு வீட்டுக்கும் விருந்தாளி, எந்த வீட்டுக்கும் சொந்தமில்லை. சிங் பழையபடி வாசிப்பு வேலைக்குத் திரும்பினார்.

பல ஆண்டுகள் கழித்து, எடோ பவ்மன் என்ற நெதர்லாந்துக்காரர் டெல்லியில் ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் இதைக் கண்டெடுத்தார். கேட்டவர் ஆடிப்போனார். மும்பையில் சிங்கைத் தேடிக் கண்டுபிடித்து, 2010-ல் தன் 'பாம்பே கனெக்‌ஷன்' லேபிளில் மறுபடி வெளியிட்டார். ஐரோப்பிய இசை ரசிகர்கள் பலர் முதலில் நம்பவே இல்லை. "யாரோ இப்போதைய ஆள் செய்துவிட்டு 1982 என்று கதை விடுகிறார்" என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள்.

உண்மை உறுதியானதும் அழைப்புகள் குவிந்தன. 70 வயதைத் தாண்டிய சிங், அதே பழைய கருவிகளோடு ஐரோப்பிய மேடைகளில் ஏறினார். பேரப்பிள்ளைகள் வயது இளைஞர்கள் அவர் முன்னால் ஆடினார்கள். 2015 ஜூலையில், 74 வயதில் மும்பையில் காலமானார். கொண்டாட்டம் அவருக்குக் கிடைத்தது சில ஆண்டுகள் மட்டுமே.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 'ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் இந்தியர்' என்று வாட்ஸ்அப்பில் பெருமை பேசுவது சரியில்லை. சிகாகோ, டெட்ராய்ட் இளைஞர்கள் சிங்கின் தட்டைக் கேட்டு எதையும் செய்யவில்லை. அவரும் அவர்களை அறியாதவர். ஒரே கருவி, இரு வேறு ஊர்களில், இரு வேறு மனிதர்களிடம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி பேசியிருக்கிறது. அங்கே அதைச் சுற்றி கிளப்புகளும் ரேடியோவும் கூட்டமும் இருந்தன. இங்கே சிங் தனி ஆள். அந்த வித்தியாசம்தான் ஒருவரை வரலாறாகவும் இன்னொருவரைப் பழைய தட்டாகவும் ஆக்கியது.

தமிழ்நாட்டில் இந்த இயந்திர ஒலிகளுக்கு அந்தத் தனிமை நேரவில்லை. காரணம், அவை சினிமாவுக்குள் வந்தன. 1986-ல் 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' படங்களில் இளையராஜா எலெக்ட்ரானிக் ஒலிகளையும் கம்ப்யூட்டர் இசையையும் துணிச்சலாகக் கையாண்டார். 'புன்னகை மன்னன்' தீம் மியூசிக்கை இன்றும் ரிங்டோனாக வைத்திருப்பவர்கள் உண்டு. நமக்கு அது 'மெஷின் சத்தம்' இல்லை, காதல் கதை.

ஓரியின் மலையில் ஒரு சவுண்ட் செக்

இந்தக் கதையைக் கொல்லிமலைப் பயணத்தோடு சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மலையின் பெயரிலேயே ஒரு பண் உண்டு: கொல்லிப் பண். சூலை நோயால் துடித்த அப்பர், திருவதிகையில் பாடிய முதல் தேவாரப் பதிகம் இந்தப் பண்ணில்தான் அமைந்தது. சம்பந்தரும் இதில் பாடியிருக்கிறார். இன்றைய கர்னாடக இசையில் இதை நவரோஜ் ராகமாகப் பாடுகிறார்கள். தாலாட்டுக்குப் பெயர்போன ராகம். கீழ் பஞ்சமத்தில் தொடங்கி மேலே அடுத்த பஞ்சமத்தோடு நின்றுவிடும், அதைத் தாண்டாது. சின்ன வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி வரும் இசை. டெக்னோ புரொட்யூசர் ஒருவருக்கு இதைவிட நல்ல மூலப்பொருள் கிடைக்குமா?

இன்னும் பின்னால் போனால், கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி வருகிறான். கொல்லிமலைத் தலைவன். அவனை வன்பரணர் பாடிய புறநானூற்று 152-ஆம் பாடல், படிக்கப் படிக்க ஒரு கச்சேரிக்கு முந்தைய சவுண்ட் செக் போலவே இருக்கிறது. காட்டில் ஒரு வேடனின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஊடுருவிப் போவதைப் பார்க்கிறது பாணர் கூட்டம். உடனே தலைவர் தன் ஆட்களுக்கு உத்தரவு போடுகிறார். முழவுக்கு மார்ச்சனை பூசச் சொல்கிறார், யாழைச் சுருதி சேர்க்கச் சொல்கிறார், யானைத் துதிக்கை போன்ற தூம்பை ஊதச் சொல்கிறார், சிறுபறையை அடிக்கச் சொல்கிறார். பதலை என்ற பறையின் ஒரு முகத்தை மட்டும் மெதுவாக இயக்கச் சொல்கிறார். எது உரக்க, எது மெல்ல என்பதுவரை கணக்கு! அடியும் பண்ணும் சேர்ந்தால்தான் இசை என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை.

அந்த வேடன்தான் ஓரி. தன்னைப் பாடியதைக் கேட்டுக் கூச்சப்பட்டு நின்றவன், மான் கறியும் மதுவும் கொடுத்து, மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் அங்கேயே அள்ளிக் கொடுத்தான். 'நாளைக்கு வா' என்று சொல்லவில்லை. ஆடி மாதம் 17, 18 தேதிகளில் மலையில் நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்குப் போனால், அவன் வில் திறமையை மட்டுமல்ல, கலைஞருக்கு உடனே கொடுத்த அந்தக் கையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களும் செய்து பார்க்கலாம்

கையில் போன் இருந்தால் போதும். பேண்ட்லேப், கராஜ்பேண்ட் போன்ற இலவச ஆப்களில் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

* வேகத்தை 122 பிபிஎம் என்று வையுங்கள். 16 கட்டங்களில் 1, 5, 9, 13-ல் கிக்.

* 3, 7, 11, 15-ல் 'ஹை-ஹாட்' எனும் சின்னத் தட்டு ஒலி. 'டொம்-ட்ச், டொம்-ட்ச்' வந்துவிட்டதா? இது போதும்.

* பேஸுக்கு ஒரே ஒரு சுரம், 'ச'. அதை மாற்றவே மாற்றாதீர்கள். அதுதான் உங்கள் தம்பூரா.

* மேலே மோகனத்தின் ச, ரி, க, ப, த மட்டும். ஐந்தே சுரங்களால் மெதுவாக ஒரு வரி வாசியுங்கள்.

* கிக் விழும் ஒவ்வொரு முறையும் மற்ற ஒலிகள் சற்று அமுங்கி எழ வேண்டும். புரொட்யூசர்கள் இதை 'சைடுசெயின்' என்பார்கள். முரட்டு அடியும் மெல்லிய ராகமும் ஒன்றையொன்று மிதிக்காமல் இருப்பதன் ரகசியம் இதுதான். அடி பேசும்போது ராகம் வழிவிடும். அடுத்த கணம் ராகம் பேசும்.

* ஒரு நிமிடம் கழித்து கிக்கை மட்டும் நிறுத்திவிட்டு, ராகத்தைத் தனியாக விடுங்கள். பிறகு கிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அந்தத் திரும்பும் கணத்துக்காகத்தான் கிளப்பில் கூட்டம் காத்திருக்கிறது. தனி ஆவர்த்தனம் முடிந்து பாடகர் மறுபடி பல்லவியைப் பிடிக்கும்போது சபையில் கைதட்டல் எழுமே, அதே சந்தோஷம்தான்.

மலையில் கேட்க ஒரு வரிசை

அடிவாரத்தில் 'புன்னகை மன்னன்' தீம் மியூசிக்கில் ஆரம்பியுங்கள். முன் சீட்டும் பின் சீட்டும் ஒத்துக்கொள்ளும். அடுத்து 'ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்'. வளைவுகள் நெருங்கி வரும்போது சிங்கின் பூபாலி, மால்கௌன்ஸ், யமன். மேலே போய், அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் வண்டியை நிறுத்தியதும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி. அதன் முன்னால் எந்த ஸ்பீக்கரும் தோற்றுப்போகும்.

ஒரு வேண்டுகோள். கொல்லிமலை சுற்றுலாத் தலம் மட்டுமில்லை. மலையாளிப் பழங்குடி மக்களின் வீடும் வயலும் இருக்கும் ஊர். ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கச் சட்டமே தடை போட்டிருக்கிறது. டெக்னோவை ஹெட்போனில் கேட்டால் நுணுக்கங்கள் இன்னும் நன்றாகக் கேட்கும். அக்கம்பக்கத்தினரும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் ஊர்க் கல்யாணக் கச்சேரியில் மூலையில் நின்று கீபோர்டு வாசிப்பவர், மாடி அறையில் லேப்டாப்பில் ராத்திரி முழுக்க 'டொம் டொம்' என்று எதையோ தட்டிக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுப் பையன்... இவர்களில் யாராவது ஒரு சரண்ஜித் சிங்காக இருக்கலாம். "என்னப்பா இது சத்தம்?" என்று கேட்பதற்கு முன்னால், ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள். பிடித்திருந்தால் அங்கேயே, அப்போதே சொல்லிவிடுங்கள். அதற்கு 28 ஆண்டு எடுத்துக்கொள்ள வேண்டாம்.